ஆறாவது கட்டு

குச்சி டீச்சருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, ஆள் ஒல்லி. காற்று பலமாக அடிக்கும் நாளில் கையில் ஒரு கனமான புத்தகத்தைக் கொடுத்து நிறுத்திவைக்க வேண்டிய உடம்பு. இன்னொன்று, ஐஸ் குச்சி. இரண்டாவதுதான் உண்மையான காரணம் என்று டீச்சர் அடித்துச் சொல்வார். முதல் காரணத்தைச் சொல்பவர்கள் அவருடைய சக ஆசிரியைகள், அதுவும் அவர் பக்கத்தில் இல்லாதபோது.

முப்பத்தொரு வருஷமாக ஒன்றாம் வகுப்பு. நடுவில் நாலைந்து முறை அவரை மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் மாற்றப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தலைமை ஆசிரியர் அறையில் போய் நின்று, பெரிய பிள்ளைகளோடு பேச எனக்குத் தெரியாது என்று முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, காரியத்தைச் சாதித்துவிட்டு வந்துவிடுவார். பெரிய பிள்ளைகளிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் அவருடைய உண்மையான எண்ணம். பென்சிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வருகிற ஒன்று, சில மாதத்தில் தன் பெயரை எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்காகத்தான் காலை ஏழரை பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன் என்பார்.

பள்ளி திறந்த முதல் வாரத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் அழுகை வாரம். இந்த வருஷம் இருபத்தேழு பிள்ளைகள். பத்தொன்பது பேர் அழுதார்கள். ஐந்து பேர் அழுகிறவர்களை வாய் பிளந்து வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு பேர் மேசைக்கடியில் போய்க் குடித்தனம் நடத்தினார்கள். மிச்சமிருந்த ஒருத்தி, பையைக் கழற்றாமலே நேராக டீச்சரிடம் வந்து, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று கேட்டாள். மூன்று மணிக்கு என்றார் டீச்சர். சுவர்க் கடிகாரத்தில் மூன்று எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். இவள் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று டீச்சருக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்து என்ன பயன்? அதனால் டீச்சர் படம் கொடுப்பார். ஒருவனுக்கு வாத்து, ஒருவனுக்கு சாவி, ஒருத்திக்கு ஏணி, ஒருத்திக்கு விளக்கு. பை மாட்டும் கொக்கிக்கு மேல் அதே படம், தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில் அதே படம், பாயில் உட்காரும் இடத்திலும் அதே படம். கடிகாரக்காரிக்குக் கிடைத்தது குடை. இரண்டாவது வாரத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் படப் பெயரில்தான் கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு அப்பா கேட்டில் நின்று, எங்க வாத்து சாப்பிட்டானா என்று விசாரித்துவிட்டு, தானே வெட்கப்பட்டுப் போனார்.

வகுப்பின் பின்பக்கம் இடுப்புயர அலமாரி. அதன் மேல் இரண்டு பிஸ்கட் டப்பாக்கள். ஒன்றில் ஒற்றைக் குச்சியின் படம், இன்னொன்றில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டின் படம். பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஐஸ் குச்சி. காலையில் அன்றைக்குப் பொறுப்பில் இருக்கும் பிள்ளை ஒரு குச்சியை ஒற்றை டப்பாவில் போடும், எல்லோரும் உரக்க எண்ணுவார்கள். பத்து சேர்ந்ததும் கட்டாகக் கட்டிப் பக்கத்து டப்பாவுக்கு மாற்றுவார்கள். அதற்குக் கட்டு நாள் என்று பெயர். பத்து என்ற பொருள் கண்ணுக்குத் தெரியும், கைக்குக் கனக்கும், ஒன்றாகக் கட்டினாலும் உள்ளே பத்தும் இருக்கும். கணக்கில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது என்பது டீச்சரின் கட்சி. தினமும் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அவர் பதிவேட்டை வைத்துக்கொண்டு டப்பாவைச் சரிபார்ப்பார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு குச்சி கூடியதில்லை, குறைந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இன்னொரு பெருமையும் உண்டு. சின்னப் பிள்ளைகளிடம் பொய் சொல்லமாட்டார். ஊசி போட வருகிற நாளில், வலிக்காது என்று மற்ற டீச்சர்கள் எல்லாம் சத்தியம் செய்வார்கள். இவர் மட்டும், வலிக்கும், ஐந்து எண்ணுவதற்குள் குறைந்துவிடும் என்பார். அவர் வகுப்புப் பிள்ளைகள் அழுதுகொண்டே ஐந்து வரை எண்ணுவார்கள்.

அதனால்தான் முதல் கட்டு நாளன்று அவர் அதைச் சொன்னார். இந்த வருஷம் அவருக்கு ஓய்வு பெறும் வயது ஆகிறது. பள்ளி நாள் கணக்கில் பார்த்தால் அறுபதாவது நாள் கடைசி நாள். பிள்ளைகளுக்குத் திடீரென்று ஒரு காலையில் வேறு முகத்தைக் காட்டுவது நியாயமில்லை என்று நினைத்தார். முதல் கட்டைக் கையில் தூக்கிக் காட்டி, இதுபோல ஆறு கட்டு ஆனதும் டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவேன், வேறு நல்ல டீச்சர் வருவார் என்றார். பிள்ளைகளுக்கு ஆறு கட்டு என்பது எப்போதோ. வாத்து தன் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். குடை மட்டும் கையைத் தூக்கினாள்.

"ஆறாவது கட்டு ஆகலன்னா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆகலன்னா நான் எங்க போறது? இங்கேயேதான் இருப்பேன்."

சொல்லிவிட்டு மறந்தும் போனார். சொன்னவர் மறந்தார், கேட்டவள் மறக்கவில்லை. அதில் வந்த வினை இந்தக் கதை.

ஒன்றாம் வகுப்பின் முதல் மாதங்கள் எப்படிப் போகும் என்பது அதில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். வரிசையில் நிற்பது ஒரு பாடம். வரிசையில் முன்னால் இருப்பவனின் சட்டையை வாயில் போடாமல் நிற்பது அடுத்த பாடம். குடையின் அம்மா தையல்காரர். கடைத்தெருவில் ஒற்றை மெஷின் போட்ட கடை. அவர் ஒரு துணிப்பை நிறையப் பழைய பட்டன்களைக் கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் அதை நிறம் பார்த்துப் பிரித்தார்கள், அளவு பார்த்துப் பிரித்தார்கள், இரண்டு ஓட்டை நாலு ஓட்டை என்று பிரித்தார்கள். சாவி ஒரு பட்டனை மூக்கில் போட்டுக்கொண்டான். அது தும்மலோடு வெளியே வரும்வரை டீச்சருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஈரப் பஞ்சில் பயறு முளைக்க வைத்தார்கள். முளைத்ததா என்று அரை மணிக்கொரு தரம் தோண்டிப் பார்த்ததில் பாதி செத்தது, மீதி பிடிவாதமாக முளைத்தது.

நாலாவது வாரத்தில் ஆளுக்கொரு வேலை கொடுத்தார். குடைக்கு வந்தது மணி அடிக்கிற வேலை. வகுப்பில் எல்லோரும் ஏங்குகிற வேலை அது. மூன்று கட்டு முடிந்த சமயத்தில் அவள் அதை ஏணியிடம் கொடுத்துவிட்டு, ஏணியின் வேலையான அலமாரி துடைப்பதை வாங்கிக்கொண்டாள். யாராவது செய்வார்களா? டீச்சர் நெகிழ்ந்துபோனார். சாயங்காலம் மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நெருக்கியடிக்கும்போது, இவள் மட்டும் அலமாரியைத் துணியால் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருப்பாள். பொறுப்பு என்றால் இதுதான் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அவள் அட்டையில் ஒரு நட்சத்திரமும் ஒட்டினார்.

நாற்பதாவது நாள், நாலாவது கட்டு. அன்று மத்தியானம் தலைமை ஆசிரியை டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீச்சரைவிடப் பதினைந்து வயது சின்னவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அழுகை வாரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து தானும் அழுதவர். டீச்சருக்குப் பதிலாக வரவேண்டிய ஆள் இந்த வருஷம் வருவதாகத் தெரியவில்லை, மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கியாயிற்று, வருஷக் கடைசி வரை இருந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். ஐம்பத்தெட்டாவது குச்சிக்குள் பதில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று டீச்சரின் பாஷையிலேயே சொன்னார்.

டீச்சருக்கு அந்த நிமிஷமே சரி என்று கத்த வேண்டும்போல இருந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவர் பட்ட வேதனை அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு கட்டு நாளிலும் ரப்பர் பேண்டைப் போடும்போது இன்னும் எத்தனை கட்டு என்று மனசு கழித்துப் பார்க்கும். ஆனாலும் கேட்டவுடனே குதித்தால் நன்றாகவா இருக்கும்? யோசித்துச் சொல்கிறேன் என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு, நடை வழியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இரண்டு எட்டு துள்ளி நடந்தார்.

அந்தத் துள்ளல் மூன்று நாள்கூட நிற்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் டப்பாவைப் பார்த்தார். நாலு கட்டும் இரண்டு குச்சியும் இருக்க வேண்டும். ஒரு குச்சிதான் இருந்தது. அலமாரிக்குப் பின்னால் பார்த்தார், பாயை உதறிப் பார்த்தார், இல்லை. முந்தின நாள் போட மறந்திருக்கிறோம் என்று நினைத்து, பிள்ளைகள் வருவதற்குள் உதிரிக் குச்சிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். மறுநாளும் ஒன்று குறைந்தது. அதற்கு மறுநாளும் குறைந்தது. ஒரு நாள் சரியாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டால், அடுத்த நாள் இரண்டு குறைந்தது.

யாரோ எடுக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது. அலமாரிக்குக் கீழே, மூடியே இல்லாத உதிரிப் பெட்டியில் நூற்றுக்கணக்கான குச்சி கிடந்தது. வீடு கட்டு, வேலி கட்டு, எடுத்து விளையாடு என்று அவரே அதைப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தார். கையெட்டுகிற தூரத்தில் அவ்வளவு இருக்கும்போது, எந்தப் பிள்ளை டப்பாவிலிருந்து ஒற்றைக் குச்சியைத் திருடும்? முப்பத்தொரு வருஷத்தில் எந்தப் பிள்ளையும் எடுத்ததில்லை. ஆகவே கோளாறு தன் தலையில்தான்.

வேறு யாராவது என்றால் இதைச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். டீச்சருக்கு ஒரு அக்கா உண்டு. மூன்று வயது மூத்தவர். தபால் அலுவலகத்தில் ஸ்டாம்ப் கொடுக்கும் வேலையில் இருந்தவர். அவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஸ்டாம்ப் எண்ணிக்கை ஒன்று குறையும், இரண்டு குறையும். பிறகு வீட்டுக்கு வரும் வழி மறந்தது, அப்புறம் மகனின் பெயர். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் டீச்சர் போய்ப் பார்க்கும்போது, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்பார். டீச்சரும் அப்பா பெயரைச் சொல்வார். அட, நம்ம வீடா என்று அக்கா சந்தோஷப்படுவார்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்று குறைவு. ஒன்று குறைவு. இன்று சரி. இரண்டு குறைவு. யாரிடமும் சொல்லவில்லை. குறைந்ததைத் தினமும் காலையில் ரகசியமாக நிரப்பினார். ஐந்தாவது கட்டும் அப்படித்தான் கட்டப்பட்டது. பயம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடினார். உலகத்தில் கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் செய்கிற காரியம், இவர் அதையும் சாட்சிக் கணக்கில் சேர்த்தார். சாவியைப் பார்த்து வாத்து என்று கூப்பிட்டுவிட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் பலகைப் பக்கம் திரும்பி நின்று, எழுதுவதுபோல சாக்பீஸைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது. எண்ணத் தெரியாத ஆள் எண்ணச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. இருபத்தேழு பேர். ரோட்டைத் தாண்டும்போது இருபத்தேழையும் எண்ண வேண்டும். குச்சி குறைந்தால் நிரப்பலாம். பிள்ளை குறைந்தால்?

ஐம்பத்தேழாம் நாள் சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். உடல்நிலை காரணமாக அறுபதாவது நாளுக்குமேல் பணியில் தொடர இயலாது. இரண்டே வரி. அவருடைய வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எந்தக் காகிதம் மேசையில் கிடந்தாலும் எடுத்துப் படித்துவிடுவார். படித்தார். உடல்நிலைக்கு என்ன என்று கேட்டார். டீச்சர் நோட்டை எடுத்துக் காட்டினார், அக்காவைப் பற்றியும் ஸ்டாம்பைப் பற்றியும் சொன்னார், சொல்லிக்கொண்டே அழுதார். வீட்டுக்காரர் நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு மூடினார்.

"எனக்குத் தெரிஞ்சு நீ மறக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், என் பிறந்த நாள். அதைக் கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து மறக்கிற."

டீச்சர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் காகிதத்தை மடித்து மனைவியின் கையில் கொடுத்தார்.

"குடுக்கணும்னா குடு. ஆனா பயந்துக்கிட்டு குடுக்காத. டாக்டர்கிட்ட போவோம், நானும் வர்றேன். அதுக்கப்புறம் முடிவு பண்ணு."

டாக்டரிடம் போவதற்குள் ஐம்பத்தெட்டு வந்துவிடும், வாக்குக் கொடுத்த நாள் தப்பக் கூடாது என்றார் டீச்சர். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காகிதம் கைப்பைக்குள் போயிற்று.

ஐம்பத்தெட்டாம் நாள் காலை. டப்பாவைப் பார்த்தார். அன்றும் ஒன்று குறைவு. நோட்டில் எழுதினார், நிரப்பினார், கைப்பையை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்குக் கிளம்பினார். வகுப்பு வாசலில் குடையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மகளின் மணிக்கட்டு, இன்னொரு கையில் துணிப்பை. முகம் சிவந்திருந்தது. தையல்காரம்மா சும்மாவே நாலு வார்த்தைக்குமேல் பேசமாட்டார். அன்றைக்குக் கைதான் முந்திக்கொண்டது. பையை டீச்சரின் மேசைமேல் கவிழ்த்தார். ஐஸ் குச்சிகள் கொட்டின.

"தலகாணி உறை துவைக்கலாம்னு கழட்டினேன், டீச்சர். உள்ள இதெல்லாம் இருந்துச்சு. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறா. என் பொண்ணு இப்படிச் செய்வான்னு நான் நெனைக்கல. நீங்க என்ன தண்டனை குடுத்தாலும் சரி."

டீச்சர் தையல்காரம்மாவைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்து, குச்சிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். பதினேழு. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு என்று பக்கம் முழுவதையும் கூட்டினார். பதினேழு. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் குச்சியை எண்ணினார், இன்னொரு தரம் நோட்டைக் கூட்டினார். பதினேழும் பதினேழும்.

ஒரு குச்சி கூடவில்லை, ஒரு குச்சி குறையவில்லை. போட்டதெல்லாம் போட்டதுதான். எழுதியதெல்லாம் சரி. தலை கெட்டியாகத்தான் இருந்திருக்கிறது.

டீச்சர் சிரித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. குடையின் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க என் உயிரைக் கொண்டுவந்து குடுத்திருக்கீங்கம்மா என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திருட்டுக் குச்சியைக் கொண்டுவந்து கொடுத்ததற்கு இப்படி ஒரு மரியாதையா என்று விழித்துக்கொண்டு நின்றார்.

குடை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கன்னத்தில் கோடு கோடாக அச்சு, மூன்று வாரமாகக் குச்சிமேல் தூங்கிய அடையாளம். டீச்சர் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஏன் கண்ணு எடுத்தே? கீழ பெட்டி நெறைய இருக்கே."

"அது வேற. அது நாள் இல்ல."

"அப்ப டப்பால இருக்கிறது?"

"அது நாள். ஆறாவது கட்டு ஆகலன்னா போகமாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க."

டீச்சருக்குப் பக்கென்றது. முதல் கட்டு நாளும், தூக்கிய கையும், தான் சிரித்ததும் எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகம் நன்றாகவே வந்தது.

பிறகு குடை தன் கஷ்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மணி அடிக்கிற வேலையை விட்டதே இதற்குத்தான், எடுக்கத் தைரியம் வரத்தான் இரண்டு வாரம் ஆயிற்று. தினமும் சாயங்காலம் துடைக்கிற சாக்கில் ஒரு குச்சியை எடுத்து சாக்ஸுக்குள் சொருகிக்கொள்வாள். மறுநாள் காலையில் பார்த்தால் அது திரும்பவும் டப்பாவில் இருக்கும். இரண்டாக எடுத்துப் பார்த்தாள். இரண்டும் முளைத்தன. பயறுகூட அவ்வளவு வேகமாக முளைத்ததில்லை. ஐந்தாவது கட்டு கட்டிய அன்று வீட்டில் சாப்பிடவே இல்லையாம். அம்மா வயிற்றுவலி என்று மருந்து கொடுத்தாராம். இந்தப் பக்கம் ஒருத்தர் பயந்து பயந்து நிரப்ப, அந்தப் பக்கம் ஒருத்தி பயந்து பயந்து எடுக்க, மூன்று வாரமாக ஒரே அலமாரியில் இப்படி ஒரு போர் நடந்திருக்கிறது. இரண்டு பேரும் தினமும் ஒருவரையொருவர் பார்த்து, வணக்கம் டீச்சர், வணக்கம் குடை என்று வேறு சொல்லியிருக்கிறார்கள்.

டீச்சர் எழுந்து தலைமை ஆசிரியை அறைக்குப் போனார். போகும் வழியிலேயே கைப்பையிலிருந்த காகிதத்தை எட்டாகக் கிழித்துவிட்டதால், போய் நின்றபோது கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. எழுதித்தான் தர வேண்டுமா, வாயால் சொன்னால் போதுமா என்று கேட்டார். தலைமை ஆசிரியை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயால் சொல்ல வேண்டியதுகூட இல்லை என்று பேனாவை எடுத்தார்.

திரும்பி வந்து வகுப்பை வட்டமாக உட்கார வைத்தார். பொய் சொல்லாதவர் அல்லவா, எல்லாவற்றையும் சொன்னார். கட்டு ஆகாவிட்டால் போகமாட்டேன் என்று சொன்னது தப்பு, விளையாட்டாகச் சொன்னது, அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். இருபத்தேழு பேரும் பெரிய மனசு பண்ணி மன்னித்தார்கள். டீச்சர் வருஷக் கடைசி வரை இருக்கப்போகிறேன் என்றும் சொன்னார். பிறகு குடையைப் பார்த்தார்.

"குச்சியை எடுத்தா நாள் நிக்காது, கண்ணு."

குடை யோசித்தாள். "ஆனா நீங்க நிக்கிறீங்களே."

டீச்சர் மேசைமேல் கிடந்த குச்சிகளைக் கை நிறைய அள்ளி அவளிடம் கொடுத்தார்.

பதினேழு குச்சியையும் உதிரிப் பெட்டியில் போட்டுவிடச் சொன்னார். குடை ஒவ்வொன்றாகப் போட்டாள். பதினாறோடு கை நின்றது. கடைசிக் குச்சியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, இது ஒன்று மட்டும் என்னிடம் இருக்கட்டுமா என்று கேட்டாள். எதற்கு என்று டீச்சர் கேட்டார்.

"அவசரத்துக்கு."

ஒரு குச்சி தவறினால் தூக்கம் வராத அந்த மனுஷி, வைத்துக்கொள் என்றார். நோட்டை எடுத்து, பதினாறு வந்தது, ஒன்று குடையிடம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அறுபதாவது நாள் வந்தது. அன்றைக்குப் பொறுப்பு வாத்து. ஒற்றை டப்பாவில் ஒன்பது குச்சி. டீச்சர் பத்தாவதை அவன் கையில் கொடுத்தார். டீச்சர் இருக்கப்போகிறார் என்று சொல்லியாயிற்று, எல்லோரும் கேட்டாயிற்று, இருந்தாலும் ஆறாவது கட்டு ஆறாவது கட்டுதானே. வாத்து குச்சியைப் போடாமல் எச்சில் விழுங்கிக்கொண்டு குடையைப் பார்த்தான். எல்லோரும் குடையைப் பார்த்தார்கள்.

குடை எழுந்து வந்தாள். டீச்சரின் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். குனிந்து, சாக்ஸிலிருந்து தன்னுடைய குச்சியை உருவினாள். வியர்வையில் நனைந்து, ஒரு முனை கடிபட்டு இருந்தது.

"இதைப் போடு" என்று வாத்திடம் கொடுத்தாள்.

வாத்து போட்டான். பத்து என்று வகுப்பு சொன்னது. டீச்சர் ரப்பர் பேண்டைக் கையில் எடுத்தார். கண் மறைத்ததில் முதல் தடவை அது நழுவிவிட்டது, இரண்டாவது தடவைதான் கட்ட முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆறு கட்டு ஆயிற்று. நாளைக்கு வருவீங்கல்ல என்று மூன்று மணிக்குப் போகும்போது குடை கேட்டாள், ஒரே ஒரு முறை. வருவேன் என்றார் டீச்சர், அவரும் ஒரே ஒரு முறை.

மறுநாள் டீச்சருக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. பஸ் தாமதமானால்? டயர் பஞ்சரானால்? காய்ச்சல்கூட இன்றைக்கு வரக் கூடாது என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு சீக்கிரம் எங்கே என்று வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து கேட்டார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு ஏழரை பஸ்ஸை விட்டு ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தார்.

பள்ளிக்கூடத்து கேட் பூட்டியிருந்தது. காவலாளி இன்னும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தலைகூட வாராமல் குடை நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் தெரு முனையில் திரும்பியதைப் பார்த்ததும் அம்மாவின் கையை விட்டாள். ஓடி வரவில்லை. அவர் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் இவ்ளோ சீக்கிரம் வந்துட்டே?" என்றார் டீச்சர்.

"சும்மா. நீங்க?"

"நானும் சும்மாதான்."

இரண்டு பேரும் பூட்டிய கேட்டுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, இன்றைக்கு டப்பாவில் ஒரு குச்சிதான் இருக்கும் என்றாள் குடை. ஆமாம், ஒன்றுதான் என்றார் டீச்சர்.